வெள்ளைக்காரன் சொன்ன 'அதுக்கென்ன'

அந்த ஆவணி விடுமுறையில் நெல்லியடிச் சந்தைக்குப் பின்னாலிருந்த வெளியில் ஒரு பயாஸ்கோப்புக் கூடாரம் வந்து நின்றது. அக்காலத்துப் படங்கள் பேசமாட்டா. வெள்ளைத் துணியில் உருவங்கள் ஓடும். இடையிடையே அவை நின்று, கறுப்பின்மேல் வெள்ளை எழுத்தில் ஓர் இங்கிலீசு வாசகம் வரும். அதைத் தமிழில் உரத்துச் சொல்வதற்கென்று கூடாரத்துக்காரர்கள் ஓர் ஆளைக் கூடவே கொண்டு திரிவார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் ஏறி நின்றுகொண்டு, இவன் கெட்டவன், இவள் அவனுடைய தங்கை, இதோ இப்போது அடி விழப்போகிறது என்று சொல்லிக்கொண்டே போவது அவருடைய வேலை. படம் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் அவருடைய வாயைக் கேட்கவே வந்தார்கள்.

எங்கள் பக்கத்துக்கு வந்தவருக்கு ஊர் ஊராகக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. முதல்நாள் மாலை, சனம் வந்து நிறைந்தபிறகு, அவர் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. கூடார முதலாளி முன்னுக்கு வந்து, இங்கிலீசு வாசிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கிறீர்களா என்று கேட்டார். நான் யாழ்ப்பாணப் பட்டினத்துக் கல்லூரி ஒன்றின் விடுதியில் தங்கி லண்டன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். சிநேகிதர்கள் என்னைப் பிடித்து முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று பின்னாளில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் தள்ளவில்லை. நானேதான் எழுந்து போனேன்.

படம் ஒரு தடித்த மனிதனைப் பற்றியது. வெள்ளைக்காரரின் நாட்டில் ஏதோ ஒரு சின்னப் பட்டினம். குதிரை வண்டியில் வீடு வீடாகப் பாண், அதாவது ரொட்டி, கொண்டுபோய்க் கொடுப்பது அவன் தொழில். எது நடந்தாலும் அவன் சிரிப்பான். குதிரை வெருண்டு வண்டியைக் குளத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். பாணெல்லாம் தாராக்களைப் போல மிதக்கும். அவன் ஈரம் சொட்டச் சொட்டக் கரையில் நின்று சிரிப்பான். நாய் கடிக்கும், நாயைத் தடவிக்கொடுப்பான். குடியிருக்கும் அறையின் கூரை ஒழுகும், ஒழுக்குக்குக் கீழே ரோசாச் செடியைக் கொண்டுவந்து வைப்பான்.

முதற் சில வாசகங்களை ஒழுங்காகவே மொழிபெயர்த்தேன். சனம் அமைதியாகக் கேட்டது. அமைதி எனக்குப் போதவில்லை. பிறகு, பாண் முதலாளி அவனுடைய தொப்பியைத் தெருவில் எறிந்து வேலையை விட்டு நிறுத்துகிற இடம் வந்தது. அவன் குனிந்து தொப்பியைப் பொறுக்கித் தூசி தட்டியபடி எதையோ சொல்கிறான். இதனால் நான் மனம் தளரப் போவதில்லை, நாளை நல்லதாக இருக்கும் என்பதே எழுத்தில் வந்த கருத்து. நான் வாயைத் திறந்தேன்.

"அதுக்கென்ன, நாளைக்கும் சூரியன் கிழக்காலைதானே வரப்போகுது."

சொல் மட்டுமல்ல, குரலும் என்னுடையதல்ல. தோள் சால்வையை உதறிப் போடுகிற கையசைவையும் சேர்த்துக்கொண்டேன்.  பிறகு எங்கள் ஊர்ச் சனம் இருந்த பக்கத்திலிருந்து ஒருவன், "அடேய், உவர் எங்கடை ஒழுங்கையிலை இருக்கிறவரல்லோ!" என்றான். அதன்பிறகு எழுந்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பு என் திறமைக்கு எழுந்தது என்று நினைத்தேன். படம் முடியும்வரைக்கும் அந்தத் தடித்த மனிதன் வாய் திறந்த இடமெல்லாம் 'அதுக்கென்ன' போட்டேன். எழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

'அதுக்கென்ன' என்பது என் அத்தானுடைய சொல். அக்காவின் புருசன். சுன்னாகத்துப் பக்கத்தில் பிறந்து, அக்காவைக் கட்டி எங்கள் ஊருக்கு வந்து, அப்பாவின் தோட்டத்தைத் தன் தோட்டமாகச் செய்தவர். என் கல்லூரிப் படிப்பு அந்தத் தோட்டத்துப் புகையிலையிலிருந்துதான் வந்தது. புகையிலை அழுகினால், "அதுக்கென்ன, மண்ணுக்குப் பசளைதானே" என்பார். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால், "அதுக்கென்ன, அதுவும் நாலு இடம் பாக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு பின்னால் ஓடுவார். கலியாணமான புதிதில் அவர் இறைப்புக்கு ஏறிய கிணற்றுத் துலா முறிந்து, விழுந்து கையை முறித்துக்கொண்டார். ஒட்டகப்புலத்து முறிவு வைத்தியரிடம் போய்ப் பத்துப் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தவர், மறு கையால் சாப்பிடப் பழகச் சந்தர்ப்பம் கிடைத்தது என்று அக்காவுக்குச் சொன்னாராம்.

எங்கள் ஊர் சிரிப்பை நம்புகிற ஊரல்ல. ஆம்பிளை என்றால் முகத்தில் ஒரு கனம் வேண்டும் என்று அப்பா சொல்வார். மருமகனின் உழைப்பைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை; முகத்தைப் பற்றித்தான் குறை. எனக்கும் அதுதான். கல்லூரிப் பரிசளிப்பு நாளில் அத்தான் ஒரு கடகம் நிறைய மாம்பழத்தோடு வந்து, வாசலில் நின்ற பாதிரியாருக்கு ஒன்றை நீட்டிச் சிரித்தபோது, இவர் யார் என்று கேட்ட சகமாணவனுக்கு எங்கள் ஊர்க்காரர் என்று மட்டும் சொன்னேன். அதையும் இதில் எழுதிவிடுகிறேன்.

ஆனால் அந்த ஆவணியில் அத்தானுக்கு ஒரு காரியம் இருந்தது. அது சிரிப்புக் காரியமல்ல.

எங்கள் வீடுகளுக்குப் போகிற சின்னப் பாதையான ஒழுங்கையின் வாயில் ஒரு பெரிய வளவு. அதன் சொந்தக்காரர் மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்தவர். ஊரில் எல்லோரும் அவரைப் பென்சனியர் என்போம். ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் வேலி அடைக்கும்போது, அவருடைய வேலி ஒழுங்கைக்குள் ஒரு கை அகலம் வரும். வேலியில் துளிர்த்து நிற்கிற உயிர்க்கம்புகளான பழைய கதியால்களுக்கு வெளியே, தன் அலவாங்கால் குழி கிண்டிப் புதிய கதியால்களை நடுவார். பூவரசும் கிளுவையும் துளிர்த்து வேர்விட்டபின் பழையவற்றைப் பிடுங்குவார். இப்படியே வருடக்கணக்கில் வந்து, ஒழுங்கை மாட்டுவண்டி நுழைய முடியாமல் ஒடுங்கிப்போயிற்று. முந்திய வருடம் அக்காவுக்குப் பிள்ளைப் பேற்று நோ எடுத்தபோது, பருத்தித்துறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த வண்டி தெருவிலேயே நின்றுவிட்டது. அக்காவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தான் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு, "அதுக்கென்ன, ராசாத்தி பல்லக்கிலை போறா" என்று சொல்லிக்கொண்டே போனார். வண்டி ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் பிள்ளை பிறந்துவிட்டது. பெண்பிள்ளை, நல்ல சுகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் அத்தான் பென்சனியரிடம் போய்ப் பணிவாகக் கேட்டார். பென்சனியர் சிரிக்காமல் பதில் சொன்னார். "கதியால் உயிருள்ள சாமான். அது வளரும். நானே வளக்கிறன்?" அந்தப் பதில் ஊர் முழுக்கப் போயிற்று. ஒருவரும் எதிர்த்துக் கதைக்கவில்லை. பென்சனியர்தான் கிராமச் சங்கத்தில் எங்கள் வட்டாரத்து அங்கத்தவர். ஒழுங்கைகளைப் பற்றிய முறைப்பாடுகள் அவரிடமே போய்ச் சேரும். ஆகவே அத்தான் அந்த இடத்துக்குத் தானே போட்டியிடுவதென்று தீர்மானித்தார். வேறு ஊரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர், முகத்தில் கனம் இல்லாதவர், ஊரில் கனமே உருவான ஒருவருக்கு எதிராக நின்றார். மாரிக்கு முன் மறுபடியும் வேலி அடைப்பு வரும். அந்த வருடம் விட்டால் ஒழுங்கையில் ஒரு கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதே சிரமமாகிவிடும்.

தேர்தல் சனிக்கிழமை; கை உயர்த்தித்தான் வாக்களிப்பு. நான் மரப்பெட்டியில் ஏறி அத்தானைப் போலப் பேசிக் காட்டியது வியாழக்கிழமை.

வெள்ளி காலையில் பால் வாங்கப் போனபோது, வாய்க்கால் மதவடியில் இருந்த பொடியள் என்னைக் கண்டதும் "அதுக்கென்னர் வீட்டு மச்சான் வாறார்" என்றார்கள். ஒரே இரவில் பட்டம் வைத்தாயிற்று. எங்கள் ஊரில் பட்டம் ஒருவரோடு போகாது. பூனை வளர்த்த ஒருவருடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் பூனையே இல்லாத வீட்டில் பூனையர் என்று இருக்கிறார்கள். பென்சனியரின் ஆட்கள் சந்தையிலும் கள்ளுத் தவறணையிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிந்தார்கள்: ஆளைக் கிராமச் சங்கத்துக்கு அனுப்பப் போகிறோமா, பயாஸ்கோப்புக்கு அனுப்பப் போகிறோமா? கை உயர்த்துவதாகச் சொல்லியிருந்தவர்கள் அத்தானைக் கண்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். இதையெல்லாம் அப்பா எனக்குச் சொன்னார். ஏசவில்லை. சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மத்தியானம் அக்கா குசினியில் என்னைப் பிடித்தாள். அத்தான் பலகையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, மெய்யைச் சொல்லு. அந்த வெள்ளைக்காரன் அப்பிடியே சொன்னவன்?"

இங்கிலீசு தெரியாத வீட்டில் இங்கிலீசைப் பற்றிச் சொல்கிற பொய்யைப் போலச் சுலபமான பொய் வேறொன்றும் இல்லை. "ஓம் அக்கா," என்றேன். "அப்பிடித்தான் எழுதிக் கிடந்தது. நான் வாசிச்சனான், அவ்வளவுதான்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அத்தானின் கை சோற்றுக் கோப்பையில் நின்றுவிட்டது.

"மெய்யே தம்பி? அவன்ரை ஊர் எது?"

ஊர் படத்தில் சொல்லவில்லை என்றேன். என்ன தொழில் என்று கேட்டார். பாண் விற்கிறவன் என்றேன். பிள்ளைகுட்டி உண்டோ என்று கேட்டார். கடைசியில்தான் கலியாணம் நடக்கிறது என்றேன். அத்தானுக்கு ஏற்பட்ட சந்தோசத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது அவருக்குப் பழகிப்போன விசயம். தன்னைப் போல இன்னொருவன் கடலுக்கு அப்பால், தொப்பியும் போட்டுக்கொண்டு, தன்னுடைய சொல்லையே சொல்லிக்கொண்டு இருக்கிறான் என்பது அவர் எதிர்பாராதது. பின்னேரம் சந்தைக்குப் போனவர், தன்னைப் பட்டம் சொல்லிக் கூப்பிட்டவர்களை நிற்பாட்டி, "எனக்கு அங்காலை ஒரு சகோதரம் இருக்கிறான், கேள்விப்பட்டியளோ?" என்று சொல்லியிருக்கிறார். பென்சனியரின் ஆட்களுக்கு அது கரும்பாகிவிட்டது.

"இண்டைக்கு நானும் வாறன்," என்றார் திரும்பி வந்து. "அவனை ஒருக்காப் பாக்க வேணும்."

தொண்டை கட்டியவர் அன்றும் தேறவில்லை. கூடார முதலாளி ஆளனுப்பியிருந்தார். நான் போகாமல் விட்டிருக்கலாம். போனதற்குக் காரணம், அன்றைக்கு ஒழுங்காக மொழிபெயர்த்து முதல்நாள் செய்ததை அழித்துவிடலாம் என்று நினைத்ததுதான். ஆனால் பெட்டியில் ஏறி நின்று பார்த்தபோது, முன்வரிசையில் சாக்கு விரித்து அத்தான் இருந்தார். பக்கத்தில் எங்கள் ஒழுங்கைச் சனம். கயிற்றுக்கு அப்பால் பெண்கள் பக்கத்தில் அக்கா, மடியில் பிள்ளை. பின்னால், கதிரைகளில், பென்சனியரும் அவருடைய ஆட்களும். வழக்கமாகப் பயாஸ்கோப்பு என்றால் முகம் சுளிக்கிற மனிதர்; அன்றைக்கு எதற்காக வந்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் 'அதுக்கென்ன' என்று சொன்னால் கூடாரம் சிரிக்கும், அந்தச் சிரிப்போடு நாளைய கைகள் போய்விடும். சொல்லாவிட்டால், முன்வரிசையில் தன் சகோதரத்தைப் பார்க்க வந்திருக்கிற மனிதனுக்கு முன்னால் நான் பொய்யன் ஆவேன். 

தொப்பி தெருவில் விழுந்தது. எழுத்து வந்தது.

"இதனால் யான் மனந்தளரேன் என்று அவர் கூறுகின்றார்," என்றேன்.

 பிறகு இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் மிக நிதானமாகக் கேட்டது. "என்ன, ஆற்றையோ அந்தியேட்டிக்குக் கல்வெட்டு வாசிக்கிறாரோ?"

கூடாரம் குலுங்கியது. செத்தவர் பேரில் அச்சடித்துச் சடங்கில் படிக்கிற கல்வெட்டுப் பாட்டை நாங்கள் எந்தக் குரலில் வாசிப்போமோ அதே குரலில்தான் நான் வாசித்திருந்தேன். நேற்றுச் சொன்னதைச் சொல்லு என்று பல பக்கங்களிலிருந்தும் கத்தினார்கள்.  அப்போது பின்கதிரைகளிலிருந்து பென்சனியரின் ஆள் ஒருவன் எழுந்து, "ஏன் தம்பியைக் கரைச்சல்படுத்திறியள்? அதுக்கென்னர் முன்னுக்குத்தானே இருக்கிறார், அவரையே கேளுங்கோ," என்றான்.

அத்தான் எழுந்தார்.

அவர் எழுந்ததும் அவருடைய நிழல் திரையின் கீழ்மூலையில், தடித்த மனிதனுக்குப் பக்கத்தில் போய் நின்றது. படம் ஓட்டுகிறவன் கைபிடியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. அத்தான் திரும்பிச் சனத்தைப் பார்த்தார். வெளிச்சம் கண்ணில் பட்டதால் கையால் மறைத்துக்கொண்டார். கோபம் இருக்கிறதா என்று தேடினேன்; இல்லை.

"ஓம்," என்றார். "உவரும் நானும் ஒரு கட்சிதான். தம்பிக்குத் தொண்டை அடைச்சுப் போட்டுது. நான் சொல்லுறன், பாருங்கோ."

அவருக்கு இங்கிலீசில் ஓர் எழுத்துத் தெரியாது. எழுத்து வந்தபோதெல்லாம் அதைத் தாண்டிப் போனார். நாய் கடித்தபோது, "அதுக்கென்ன, அதுக்கும் காலமை பாண் கிடைக்கேல்லைப்போலை" என்றார். கூரை ஒழுகியபோது, "அதுக்கென்ன, கிணத்துக்குப் போற வேலை மிச்சம்" என்றார். நான் முதல்நாள் செய்தது அவரைப் போல ஒரு பகிடி. அவர் செய்தது அவரே. சிரித்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவரோடு சேர்ந்து அந்தத் தடித்த மனிதனுக்காகச் சிரித்தார்கள். அந்த வித்தியாசம் பெட்டியில் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது. பெண்கள் பக்கத்தில் அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த இடம் வந்தது. பழைய முதலாளி பொல்லோடு துரத்துகிறார். தடித்த மனிதன் இரண்டு பலகை வேலிகளுக்கு இடையே உள்ள ஒரு சந்துக்குள் ஓடுகிறான். சந்து ஒடுங்குகிறது. வயிறு இறுகி, முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் வர முடியாமல் நிற்கிறான். நின்று சிரிக்கிறான்.

 சனம் காத்திருந்தது. மெசினின் கறகறப்பு மட்டும் கேட்டது.

"உந்த வேலி," என்றார் அத்தான் ஆறுதலாக, "போன மாரிக்கு உதிலை நிக்கேல்லை."

 அதன்பிறகு எழுந்த சத்தத்தில் வெளியே கட்டியிருந்த வண்டில் மாடுகள் மிரண்டன. சனம் திரையைப் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் பின்கதிரைகளை நோக்கித் திரும்பின. அத்தான் கையை உயர்த்திச் சனத்தை அமர்த்தினார்.

"அதுக்கென்ன. கதியால் உயிருள்ள சாமான், வளரும்தானே. வேலிக்காரரும் நல்ல மனிசன்தான். இருட்டுக்கை நிண்டு அளந்துபோட்டார்."

அத்தானைக் கேளுங்கள் என்று எழுந்து நின்றவனே இரண்டாய் மடங்கிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பென்சனியர் எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கைத்தடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, கலியாணத்தில் கேக் சரிந்து விழுந்து எல்லோரும் நிலத்திலிருந்து அள்ளித் தின்கிற கடைசிக் காட்சிவரை நேரே பார்த்தபடி இருந்தார். அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

படம் முடிந்ததும் கூடார முதலாளி அத்தானைப் பிடித்துக்கொண்டு, பருத்தித்துறைக்கும் சாவகச்சேரிக்கும் தங்களோடு வரும்படி கேட்டார். புகையிலைக்குப் பாத்தி கட்ட இருக்கிறது என்று அத்தான் சொல்லிவிட்டார். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அத்தான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். நான் போய்த் துலாக்கொடியைப் பிடித்தேன். தேர்தலுக்குப் போகுமுன் சொல்லிவிட வேண்டும் என்று இரவே முடிவு செய்திருந்தேன்.

"அத்தான், படத்திலை அப்பிடி எழுதிக் கிடக்கேல்லை. அந்தச் சொல்லு நான் போட்டது. சனத்தைச் சிரிக்கப் பண்ண உங்களைப்போலை கதைச்சுக் காட்டினனான். அக்காவுக்குச் சொன்னது பொய்."

வாளியைத் தலைக்கு மேல் தூக்கியவர் அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ எழுத்தைத்தானே பாத்தனீ?"

"ஓம்."

"நான் அவன்ரை வாயைப் பாத்தனான். தொப்பியைப் பொறுக்கேக்கை வாய் என்னெண்டு போச்சுது? இஞ்சை பார்." நீர் வடிகிற முகத்தோடு, சத்தமில்லாமல், உதடுகளை மட்டும் அசைத்து அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினார். "எழுதினவனுக்கு விளங்கேல்லைப்போலை."

"அவன் இங்கிலீசு கதைக்கிறவன், அத்தான்."

"இங்கிலீசு கதைக்கிறவனுக்கும் வாய் ஒண்டுதானே. விசர்க்கதை கதையாமல் முதுகிலை ரெண்டு வாளி ஊத்து. நேரம் போகுது."

ஊற்றினேன். நான் அவரைப் பகிடி பண்ணினேன் என்று சொன்ன பகுதியை அவர் கேட்டாரா, கேட்டும் கேளாதவர் போல விட்டாரா என்பது எனக்குத் தெரியாது. இன்னொருமுறை சொல்லத் துணிவு வரவில்லை. அவர் சாகும்வரைக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தப் பாண்காரச் சகோதரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் என்னைப் பார்த்து, மெய்யே என்று கேட்பார்கள். நான் தலையாட்டினேன். ஒவ்வொருமுறையும் தலையாட்டினேன்.

அந்தக் காலத்துக் கிராமச் சங்கத் தேர்தலில் பெட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. பள்ளிக்கூட வளவில் ஆம்பிளைகள் கூடுவார்கள், அரசாங்கத்து அதிகாரியான மணியகாரர் வந்து மாமரத்துக்குக் கீழே கதிரையில் இருந்து, இன்னாருக்கு யார் என்று கேட்பார், கைகள் உயரும், எண்ணுவார்கள். யார் யாருக்குக் கை உயர்த்தினார் என்பதை ஊர் முழுக்கப் பார்க்கும். அதனாலேயே கனமான ஆட்களுக்கு எதிராகக் கை உயர்வது அபூர்வம். எனக்கு வயது போதாது. வேலிக்கு வெளியே அக்காவோடு நின்றேன். பிள்ளையை நான் வாங்கி வைத்திருந்தேன். அக்காவின் கைகள் வேலியைப் பிடித்திருந்தன.

முதலில் பென்சனியரின் பெயரைச் சொன்னார்கள். கைகள் உயர்ந்தன. கொஞ்சம் அல்ல. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அத்தானின் பெயர். எங்கள் ஒழுங்கை முழுவதும் உயர்ந்தது, அது தெரிந்ததுதான். அதற்குப் பின்னால் மதவடிப் பக்கத்தார் உயர்த்தினார்கள். அதற்கும் பின்னால், ஒழுங்கையோடு ஒரு சம்பந்தமும் இல்லாதவர்கள், முதல்நாள் கூடாரத்தில் சிரித்தவர்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராக உயர்த்தினார்கள். ஒருவர் இரண்டு கையையும் உயர்த்திவிட்டார். மணியகாரர் ஒரு கைதான் செல்லும் என்றார். "அதுக்கென்ன, மற்றதை இறக்கிறன்," என்றார் அவர். மணியகாரர் இது தேர்தல், கூத்தல்ல என்று அதட்டினார். அவருடைய மீசையும் ஆடியதை நான் வேலிக்கு வெளியிலிருந்து கண்டேன்.

எண்ணி முடிக்க நேரம் எடுக்கவில்லை. பார்த்தவுடனேயே தெரிந்தது.

என் வாழ்நாளில் எனக்குப் பட்டங்கள் வந்தன, உத்தியோகம் வந்தது, கொழும்பில் மேடைகளில் ஏறி நின்றிருக்கிறேன். அன்றைக்குப் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது வந்த பெருமை பிறகு எனக்கு வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் என்னைப் பார்த்து, நீ அதுக்கென்னர் வீட்டுப் பொடியன்தானே என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் மறுபடி கேட்டிருந்தாலும் மறுபடி சொல்லியிருப்பேன்.

அத்தானைச் சனம் சூழ்ந்துகொண்டது. அவர் அந்தச் சொல்லைச் சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. முகத்தில், அப்பா எப்போதும் கேட்ட கனம் கொஞ்சம் வந்திருந்தது. அது அவருக்குப் பொருந்தவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மாமரத்தடியில் தனியே நின்ற பென்சனியரிடம் போனார். நான் வேலியோரமாக நடந்து அவர்களுக்கு நேரே வந்து நின்றேன்.

"அண்ணை," என்றார் அத்தான், "உங்கடை அலவாங்கு நல்ல அலவாங்கு. எங்களிட்டைக் கிடக்கிறது முனை மழுங்கினது. திங்கக்கிழமை ஒருக்கா இரவல் தருவியளோ? கதியால் பிடுங்க வேணும்."

பென்சனியர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.  கைத்தடியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார்.

"எடுத்தாத் திருப்பித் தர வேணும்," என்றார்.